எல்லாம் மாறியபோதும் எதைப் பிடித்துக்கொண்டார்? 'கிறித்தவக் கம்பர்' எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் கதை

சமீப ஆண்டுகளில் ப்ளஸ் டூ படித்தவர்களுக்கு 'இரட்சணிய யாத்திரிகம்' ஞாபகம் இருக்கும். பொய்க் குற்றச்சாட்டுகளுக்கு நடுவே இயேசு பதில் பேசாமல் நிற்கும் காட்சி. மனப்பாடம் பண்ணி, மார்க் வாங்கி, மறந்திருப்போம். ஆனால், அதை எழுதியவரின் வாழ்க்கை தெரிந்தால் அந்தப் பாட்டு வேறு மாதிரி கேட்கும்.

யார் இவர்?

1827 ஏப்ரல் 23-ல் திருநெல்வேலி அருகே கரையிருப்பில், வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணபிள்ளை. அப்பா கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். சின்ன வயதிலேயே கம்பன் காதில் விழுந்துவிட்டான்.

1853-ல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அங்கே போனது வேலைக்குத்தான், மதம் மாற அல்ல. ஆனால், நண்பர்கள் வழியாகவும் வாசிப்பு வழியாகவும் கேள்விகள் வளர்ந்தன.

எதைப் பணயம் வைத்தார்?

அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் என்பது தனிப்பட்ட நம்பிக்கை விஷயம் மட்டும் கிடையாது. சாதி, சொந்தபந்தம், ஊர் மரியாதை, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் உரிமை எல்லாமே போய்விடலாம். இன்றைய மொழியில் சொன்னால், ஒருவருக்கு இருந்த மொத்தப் பாதுகாப்பும் அதுதான்.

ஊரைவிட்டு அவர் வந்த இடம் சென்னை. ராயபுரத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாக வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓட ஆரம்பித்து அப்போது 2 வருஷம்கூட ஆகவில்லை. நெல்லைப் பக்கம் தண்டவாளமே கிடையாது. அவ்வளவு தூரம் தள்ளி வந்து, 1858 ஏப்ரல் 18-ல் மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றார். 31 வயதாக இன்னும் 5 நாள் இருந்தது. 'ஹென்றி ஆல்ஃபிரட்' என்ற புதுப் பெயரும் சேர்ந்தது. அதன் சுருக்கம்தான் அந்த எச்.ஏ.

அதற்கப்புறம்?

வாழ்க்கை உடனே செட்டில் ஆகிவிடவில்லை. சென்னையில் 'தினவர்த்தமானி' பத்திரிகை வேலை, பிறகு தெற்கே தமிழாசிரியர் பணி என்று ஊரும் வேலையும் மாறின. வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறும் நமக்கு இது புதுசில்லை.

மாறாதது இரண்டு: இயேசுவின் மீது வைத்த நம்பிக்கை, தமிழ். வைணவத்தை விட்டவர், அது கற்றுத்தந்த பக்தி மொழியை விடவில்லை. கம்பனின் நடையைக் காப்பியத்துக்குக் கொண்டுவந்தார். நடுநடுவே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாடல்கள் வைத்தார். 'போற்றித் திருஅகவல்' என்ற தலைப்பில் ஒரு நூலும் எழுதினார். அது மாணிக்கவாசகரை நினைவூட்டும் தலைப்பு.

அந்தக் காப்பியம் என்ன சொல்கிறது?

மூலம், இங்கிலாந்தின் ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்'. அழியப்போகும் ஊரை விட்டு, அழியாத நகரத்தைத் தேடி நடக்கும் ஒருவனின் கதை. பனியன் உரைநடையில் எழுதியதை, கிருஷ்ணபிள்ளை 3,766 பாடல்களாகத் தமிழாக்கித் தழுவினார். பனியன் கதையாக விரித்துச் சொல்லாத இயேசுவின் பாடுகளையும் குமார பருவத்தில் விரிவாகச் சேர்த்தார். நாம் படித்தது அந்தப் பகுதிதான்.

முதல் பதிப்பு வந்தது 1894 மே மாதம். அவருக்கு வயது 67. 1900-ல் மறைந்தார்.

ஏன் இன்றும் முக்கியம்?

பாதுகாப்பு என்றால் சொந்த வீடு, நிலையான வேலை, கூடவே இருக்கும் உறவுகள் என்றுதான் நினைக்கிறோம். அவருடைய காவிய நாயகனிடம் இதில் எதுவுமே இல்லை. வழியில் சறுக்குகிறான், பயப்படுகிறான், சந்தேகப்படுகிறான். ஆனாலும் நடக்கிறான். கிருஷ்ணபிள்ளையைப் பொறுத்தவரை, இயேசு மீதான நம்பிக்கை பாதையில் உள்ள பள்ளங்களை மூடிவிடாது; அவற்றைத் தாண்டி நடக்க ஒரு கையைத் தரும். ஊரை விட்டுக் கிளம்பிய ஒருவர் எழுதியதால்தான், அந்த யாத்திரை வெறும் மொழிபெயர்ப்பாகத் தெரியவில்லை.