கழற்றிக் கற்ற மேதை ஜி.டி. நாயுடு

டோல்கேட்டில் எங்கள் தெருவுக்குள் நுழைபவர் எவராயினும் எதிர்வீட்டு வாசலில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைக் கண்டு ஒரு கணம் தயங்குவர். நிற்கிறது என்பதைவிடக் கிடக்கிறது என்பதே பொருந்தும். சக்கரங்கள் நான்கும் கழற்றப்பட்டுச் செங்கல் அடுக்கின்மேல் அமர்ந்திருக்கும் அந்தக் கார், சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் உருவான இனத்தைச் சேர்ந்தது. அதன் முன்மூடியைத் தூக்கினால் முதலை வாய் பிளந்ததுபோல் முன்பக்கம் முழுவதும் திறந்துகொள்ளும். இந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி அமைத்துத்தான் இங்கிலாந்தில் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார்கள். கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும் ஊர் எங்கள் ஊர். ஆகவே காரின் அடிச்சட்டம் பாதிக்குமேல் துருவேறிப் போயிருந்தது.

எதிர்வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற ஃபிட்டர். நான்கு ஆண்டுகளாக அந்தக் காரைத் தம் கையாலேயே உயிர்ப்பித்து வருகிறார். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, பால்பவுடர் டப்பாக்களில் இட்டு, எந்த இடத்திலிருந்து வந்தது என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். கிடைக்காத உறுப்புக்குப் புதுப்பேட்டை; அங்கும் கிடைக்காவிட்டால் அரமும் தம் கையும். இவ்வளவு வல்லவர், தாம் உழைத்த ஆலையில் கடைசிவரை பதவி உயர்வு பெறவில்லை. காரணம், சான்றிதழ் இல்லை. யாரிடம் தொழில் கற்றீர்கள் தாத்தா என்று ஒருநாள் கேட்டேன். ஜி.டி. நாயுடுவிடம் என்றார். நேரில் பார்த்ததுண்டா என்றால் இல்லையாம்! அந்த விடை என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

கோபாலசாமி துரைசாமி நாயுடு கோவைக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளியில் ஆசிரியர் முகத்தில் மண்ணை வாரி வீசியவர் என்ற புகழும் அவருக்கு உண்டு. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. எனினும் படிக்கும் ஆர்வம் நிற்கவில்லை. கையில் கிடைத்த நூல்களைத் தாமே பயின்றார்.

அவர் வாழ்வைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் வண்டியில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி ஓடுவதைக் கண்ட இளைஞருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரைவிட்டுக் கோவைக்கு வந்தார். உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராகச் சேர்ந்து சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். அதே வண்டியை அந்த அதிகாரியிடமிருந்தே விலைக்கு வாங்கினார். 300 ரூபாய் கொடுத்தார் என்பர். வாங்கியவர் அதில் ஏறி ஊர்சுற்றினாரா? இல்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றித் தரையில் பரப்பினார். பிறகு பொருத்தினார். வழிகாட்டும் நூலும் இல்லை, அருகில் இருந்து திருத்தும் ஆசானும் இல்லை. எந்தத் திருகு எந்தத் துளைக்கு உரியது என்பதை அந்த இரும்பே அவருக்குச் சொல்லிற்று. எதிர்வீட்டுப் பெரியவர் நாயுடுவைத் தம் ஆசான் என்றது ஏன் என்பது இந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது.

பருத்தி வாணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார். ஈட்டியதைப் பம்பாயில் இழந்தார். அதைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. 1920-இல் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் அவர்களின் உதவியால் ஒரு பேருந்து கடனாகக் கிடைத்தது. பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டியே யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெருநிறுவனமாக வளர்ந்தது. பழுதான வண்டிகளைப் பிரித்துச் சீர்செய்யும் பணிமனைதான் அதன் உயிர்நாடி எனின் மிகையாகாது.

அங்கிருந்து அவர் கை பல பொருள்களைத் தொட்டது. உலர் மின்கலத்தில் இயங்கும் ரேசன்ட் என்னும் சவரக் கருவி, மெல்லிய சவர அலகு, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, வாக்குப்பதிவு எந்திரம், எளியோர் வாங்கத்தக்க வானொலிப் பெட்டி என்று பட்டியல் நீளும். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் என்று போற்றப்படுவது 1937-இல் டி. பாலசுந்தரம் அவர்களோடு சேர்ந்து கோவையில் உருவாக்கியது. இன்று கோவை பம்புசெட்டு நகரமாக விளங்குவதற்கு அது ஒரு தொடக்கம்.

மாணவ நண்பர்களே, நாம் சற்று நின்று எண்ண வேண்டிய ஆண்டு 1945. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத அவர், சென்னை மாகாண ஆளுநராயிருந்த ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி அமைய முன்னின்று, அதன் முதல்வராகவும் அமர்ந்தார். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அதுவே. அவிநாசி சாலையில் ஹோப் காலேஜ் என்று நடத்துநர் குரல் கொடுக்கும் நிறுத்தத்துக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். பொறியியலுக்கு நான்கு ஆண்டு தேவையில்லை. பணிமனையில் கைபழகினால் குறுகிய காலமே போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதனை ஏற்கவில்லை, அவர் விலகினார். கணக்கும் கோட்பாடும் முறையாகக் கற்க நாளாகும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எதிர்வீட்டுப் பெரியவரின் பால்பவுடர் டப்பாக்களைக் காணும்போதெல்லாம், நாயுடு முற்றிலும் தவறினார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

1952-இல் இருவர் அமரும் சிறு காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்தான் கார் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கனவு. உற்பத்திக்கு உரிமம் கிட்டவில்லை. கார் அத்துடன் நின்றது. அந்நாளில் நம் பகுதியிலும் கார் உருவாயிற்று என்பதை இங்கே நினைவுகூரலாம். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பொருத்தியது; 1955-இல் அது அசோக் லேலண்டு ஆனது. அதே 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனம் திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைப் பொருத்தியது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளை இணைத்தார்கள். பின்னர் உறுப்புகளையே இங்கே வார்க்கக் கற்றார்கள். கலங்கல் இளைஞர் தனியொருவராய்ச் செய்ததை எங்கள் தந்தையரும் மாமன்மாரும் ஆயிரக்கணக்கில் கூடிச் செய்தார்கள்.

பொருத்தியே பழகிய அந்தக் கை ஒருமுறை உடைக்கவும் செய்தது. ஐம்பதுகளில் வரிக் கொள்கையை எதிர்த்து, தாம் செய்த பொருள்களை மக்கள் முன்னிலையில் நாயுடு நொறுக்கினார். அச்செயலை என்னால் பாராட்ட முடியவில்லை. அந்த வலியை மட்டும் உணர முடிகிறது.

1974 சனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் இயங்கும் அறக்கட்டளையினர் 2015-இல் கார் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தனர். உலகின் பழங்கார்கள் பல அங்கே புதுப்பொலிவுடன் நிற்கின்றன.

ஹெரால்டு ஓடத் தொடங்கியதும் முதற்பயணம் அந்த அருங்காட்சியகத்துக்குத்தானாம். எதிர்வீட்டுப் பெரியவர் உறுதியாகச் சொல்கிறார். என்னையும் உடன் அழைத்திருக்கிறார். எஞ்சின் சென்ற மாதமே உறுமிவிட்டது. அடிச்சட்டத்துக்கு வெல்டிங்கும் முடிந்தது. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றுதான் இன்னும் கிடைத்தபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் புதுப்பேட்டைக்குப் போகிறோம்.