எந்தக் கம்பெனி கம்ப்யூட்டரா இருந்தாலும் ஒரே ஓ.எஸ்... யார் இந்த கேரி கில்டால்?

எளாவூரோ, ஆரம்பாக்கமோ, பழவேற்காடோ... உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு அரசு லேப்டாப் தூங்கிட்டு இருக்கலாம். 2011 செப்டம்பர் 15-ம் தேதி, நம்ம திருவள்ளூர் மாவட்டம் காக்களூர்லதான் அந்த விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கிச்சு. லேப்டாப்பைத் தயாரிச்சது வெவ்வேறு கம்பெனிகள். ஆனா, எதை ஆன் பண்ணினாலும் அதே விண்டோஸ், அதே பாஸ் லினக்ஸ்!

இதுல என்ன அதிசயம்னு தோணுதா? 50 வருஷத்துக்கு முன்னாடி, சின்ன கம்ப்யூட்டர்கள்ல இது சாதாரண விஷயம் இல்லை. அதைச் சாதாரணமாக்கியவர்களில் முதன்மையானவர் கேரி கில்டால். ஆனால், இவரைப் பற்றி உலகம் திரும்பத் திரும்பப் பேசுவது வேறொரு கதையை. ஐ.பி.எம் தேடி வந்த நாளில் விமானம் ஓட்டப் போய்விட்டார், பில் கேட்ஸ் ஆகவேண்டிய வாய்ப்பைத் தொலைத்துவிட்டார் என்ற கதை. அதுக்குக் கொஞ்சம் அப்புறம் வருவோம்.

கடல் கணக்கு வீட்டுப் பிள்ளை

1942 மே 19 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார் கில்டால். மாலுமிகளுக்குக் கடல்வழிக் கணக்கு கற்றுக்கொடுக்கும் பள்ளியை நடத்திய குடும்பம். கணக்கு வாத்தியார் ஆகும் ஆசையோடு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரை, கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டது. 1972-ல் முனைவர் பட்டம். கலிஃபோர்னியாவின் மான்டெரேயில், கடற்படையின் உயர்கல்வி நிறுவனத்தில் ஆசிரியர் வேலை.

கூடவே இன்டெல் நிறுவனத்துக்கு ஆலோசகராகவும் இருந்தார். அப்போதுதான் வந்திருந்த மைக்ரோபிராசஸர் சிப்பை, கால்குலேட்டர் போன்ற கருவிகளுக்கான பொருளாகவே பலரும் பார்த்தார்கள். கில்டால் அதில் ஒரு முழு கம்ப்யூட்டரையே பார்த்தார். ஃப்ளாப்பி டிஸ்க்கை அதனுடன் இணைத்து, ஃபைல்களைச் சேமிக்கவும் எடுக்கவும் 1974-ல் ஓர் ஓ.எஸ் எழுதினார். பெயர் சி.பி/எம். இன்டெல் அதில் ஆர்வம் காட்டவில்லை. மனைவி டோரத்தியுடன் சேர்ந்து, பசிஃபிக் குரோவ் என்ற கடலோர ஊரில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். வெச்ச பேரு இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச்! பிறகு வெறும் டிஜிட்டல் ரிசர்ச் ஆனது.

ரெண்டு பாஷை தெரிஞ்ச நடு ஆள்

சிக்கல் அதுக்கப்புறம்தான். ஒவ்வொரு கம்பெனியும் டிஸ்க்கை ஒரு விதமாக, திரையை ஒரு விதமாக இணைத்தது. மிஷின் மாறும்போதெல்லாம் சி.பி/எம்-ஐத் திருத்தி எழுத வேண்டும். இம்சாய் நிறுவனம் 25,000 டாலருக்கு உரிமம் வாங்கியபோது, அங்கிருந்த கிளென் யூயிங்குடன் பேசித் தீர்வைக் கண்டார் கில்டால். மிஷினுக்கு மிஷின் மாறும் வேலைகளை மட்டும் பிரித்து, சின்னஞ்சிறு தனிப்பகுதியாக எழுதிவிடுவது. அதற்கு அவர் வைத்த பெயர் பயாஸ்.

எல்லையோர எளாவூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது ஈஸியா புரியும். தமிழ் மட்டும் தெரிஞ்ச மீனவர், தெலுங்கு மட்டும் தெரிஞ்ச வியாபாரி. ரெண்டும் தெரிஞ்ச ஒருத்தர் நடுவுல நின்னா, இறால் வியாபாரம் முடிஞ்சிடும். நாளைக்கு இந்திக்கார வியாபாரி வந்தா? நடு ஆளை மாத்தினா போதும். மீனவர் புது பாஷை படிக்க வேண்டாம். பயாஸ்தான் அந்த நடு ஆள்.

ஆல்டேர், ஆஸ்போர்ன், கேப்ரோ எனப் பல பிராண்டுகளில் சி.பி/எம் ஓடியது. வேர்ட்ஸ்டார் போன்ற சாஃப்ட்வேர்களும் அதன் மேல் ஏறி எல்லா இடங்களுக்கும் போயின. ஆப்பிள் II மட்டும் வேறு ரக சிப் கொண்டது. அங்கே நடு ஆளை மாற்றினால் மட்டும் போதாது. அதனால் இன்னொரு சிப்பையே கார்டில் வைத்து ஆப்பிளுக்குள் செருகினார்கள். 1980-ல் அந்தக் கார்டை விற்றது யார் தெரியுமா? பில் கேட்ஸின் மைக்ரோசாஃப்ட்!

அந்த ஒரு நாள்

அதே 1980-ல், தன் புதிய பர்சனல் கம்ப்யூட்டருக்கு ஓ.எஸ் தேடி ஐ.பி.எம் பசிஃபிக் குரோவுக்கு வந்தது. கில்டால் விமானத்தில் போயிருந்தது உண்மை. ஆனால் ஜாலிக்காக அல்ல, வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்க. ஐ.பி.எம் நீட்டிய ரகசிய ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமாக இருந்ததால், டோரத்தியும் வக்கீலும் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். பிறகு யார் என்ன பேசினார்கள் என்பதில் ஆளுக்கொரு கதை.

முடிவு மட்டும் எல்லோருக்கும் தெரியும். டிம் பேட்டர்சன் என்பவர் சி.பி/எம் சாயலில் எழுதிய ஓ.எஸ்ஸை வாங்கி, ஐ.பி.எம்-க்குக் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். கில்டால் எதிர்த்ததும், அவருடைய ஓ.எஸ்ஸையும் சேர்த்து விற்க ஐ.பி.எம் சம்மதித்தது. மைக்ரோசாஃப்ட்டுடையது 40 டாலர். கில்டாலுடையது 240 டாலர். நீங்க எதை வாங்கியிருப்பீங்க?

அதற்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1985-ல் ஒரு முழு கலைக்களஞ்சியத்தை ஒரே சி.டி-யில் கொண்டுவந்தார். `கம்ப்யூட்டர் குரோனிக்கிள்ஸ்' டி.வி நிகழ்ச்சியில் பல ஆண்டுகள் மக்களுக்குக் கம்ப்யூட்டரை விளக்கினார். ஆனாலும், தவறவிட்ட அந்த வாய்ப்பின் கதை அவரைத் துரத்திக்கொண்டே இருந்தது. குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. 1991-ல் அவருடைய கம்பெனியை நோவெல் வாங்கியது. 1994 ஜூலையில் மான்டெரேயில் தலையில் அடிபட்டு, மூன்று நாள் கழித்து இறந்தார். வயது 52.

உங்க பங்கு என்ன?

தோத்தவர்னு ஒரே வார்த்தையில முடிச்சிடலாமா? ஐ.பி.எம் போலவே இயங்கும் பயாஸை மற்ற கம்பெனிகளும் எழுதியதால்தான், மைக்ரோசாஃப்ட்டின் ஓ.எஸ் எல்லா பிராண்டுகளிலும் பரவியது. ஜெயித்தவருக்கும் வழி போட்டது கில்டாலின் யோசனை. இப்போதைய லேப்டாப்களில் பயாஸின் இடத்துக்கு யூ.இ.எஃப்.ஐ வந்துவிட்டது. ஆனாலும் ரிப்பேர் கடையில் கேட்டுப் பாருங்க, பயாஸ்னுதான் சொல்வாங்க.

பரண் லேப்டாப்பைக் குப்பைக்குப் போடும் முன் ஒரு முயற்சி பண்ணலாமே. முதலில் போட்டோக்களை பத்திரமா காப்பி பண்ணிக்கோங்க. பழைய விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டதால், அதில் நெட் பேங்கிங் வேண்டவே வேண்டாம். கனமில்லாத லினக்ஸ் ஒன்றை பென்டிரைவில் ஏற்றி ஓடவிட்டுப் பாருங்கள். அந்த லினக்ஸை எழுதியவருக்கு உங்க லேப்டாப் எந்தக் கம்பெனி என்றே தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. கில்டால் நமக்கு விட்டுப்போன சொத்து அதுதான்.