இரும்பை மின்சாரத்தால் ஒட்ட வைத்த எலிஹூ தாம்ஸன்

நெடுந்தூர ரயிலில் அந்தத் 'தடக் தடக்' சத்தம் இப்போது வெகுவாகக் குறைந்து விட்டது. தண்டவாளங்களை ஃபிஷ் பிளேட்டும் போல்ட்டும் போட்டு இணைத்த காலம் போய், டிப்போவிலேயே மின்சாரத்தால் ஒட்டி நீளமாக்கி விடுகிறார்கள். இந்த வித்தைக்கு மூலபுருஷர் எலிஹூ தாம்ஸன்.

1853-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டரில் பிறந்தவர். தகப்பனார் மெக்கானிக். பிழைப்பு மந்தமாகவே, 1858-ல் குடும்பம் அமெரிக்காவில் பிலடெல்பியாவுக்குக் குடியேறியது. பையன் படிப்பில் சூரன். 11 வயதிலேயே உயர்நிலைப் பள்ளிக்குத் தயார். ஆனால் 13 ஆகாமல் சேர்க்க மாட்டோம் என்று விட்டார்கள். வீட்டில் ஒயின் பாட்டிலைச் சுழல விட்டு மின்சாரம் உண்டாக்கினான். பொறி அற்பமாக இருக்கிறதென்று தகப்பனார் சிரித்தாராம். லெய்டன் ஜாடிகளில் மின்சாரத்தைச் சேர்த்து அவருக்கே ஒரு 'ஷாக்' கொடுத்தான். சிரிப்பு நின்றது.

பிறகு படித்த பள்ளியிலேயே ரசாயன ஆசிரியரானார். 1877-ல் பிராங்க்ளின் இன்ஸ்டிடியூட்டில் சொற்பொழிவு. ஒரு தூண்டு சுருளின் மெல்லிய கம்பியில் ஜாடிகளின் மின்சாரத்தைப் பாய்ச்சிக் காட்டினார். தடித்த கம்பியின் இரு முனைகள் லேசாகத் தொட்டுக் கொண்டிருந்தன. பார்த்தால், இரண்டும் ஒட்டிக் கிடந்தன! வேறொருவர் பிய்த்து எறிந்து விட்டு வேலையைப் பார்த்திருப்பார். தாம்ஸன் அதை மறக்கவில்லை.

காரணம் இதுதான். மின்சாரம் ஓடினால் உலோகம் சூடாகும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. தடை அதிகமுள்ள இடத்தில் சூடும் அதிகம். இரு முனைகள் தொடும் இடம்தான் அப்படிப்பட்ட இடம். அங்கே உலோகம் இளகும்போது அழுத்தினால், பிதுங்கி ஒன்றாகிவிடும்; இடையிலிருந்த துருவும் அழுக்கும் பிதுக்கலோடு வெளியே வந்துவிடும். கொல்லன் உலையில் சூடு வெளியிலிருந்து உள்ளே போகிறது. இங்கே வேண்டிய இடத்திலேயே பிறக்கிறது.

இரும்பு மெல்ல மெல்ல இளகும். கொல்லனுக்கு அவகாசம் உண்டு. பித்தளை போன்றவை அப்படியல்ல. கொஞ்சம் முன்னால் கெட்டி, கொஞ்சம் பின்னால் குழம்பு. உலைக்களத்தில் ஒட்டாத இவற்றையும், மின்னோட்டத்தையும் அழுத்தத்தையும் அளந்து கொடுத்து ஒட்ட வைத்தார். சூடு போதாமல் அழுத்தினால் ஒட்டாது. மிஞ்சினால் உலோகம் கருகி நொறுங்கும். வோல்ட் சொற்பம், ஆம்பியரோ ஆயிரக்கணக்கில். 1886-ல் பேடண்ட் பெற்றார். தண்டவாளத்துக்கான பொறி பறக்கும் முறை இதிலிருந்து வளர்ந்ததே.

இதற்குள் வாத்தியார் வேலையை விட்டு, செருப்புத் தொழிலுக்குப் பேர்போன லின் நகரில் கம்பெனி நடத்தி வந்தார். பணம் போட்டவர்களும் செருப்பு வியாபாரிகளே! 1892-ல் அது எடிசன் கம்பெனியோடு சேர்ந்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆயிற்று. நிர்வாகம் அவருக்கு ருசிக்கவில்லை. ஆராய்ச்சிக் கூடமே கதி என்றிருந்தார். 1896-ல் எக்ஸ்ரே கெடுதல் செய்யுமா என்றறியத் தம் சுண்டு விரலையே காட்டிப் புண்ணாக்கிக் கொண்டார்.

1937 மார்ச் 13-ல் ஸ்வாம்ப்ஸ்காட்டில் காலமானார். அவர் பெயரில் ஏறக்குறைய 700 பேடண்டுகள் இருந்தன.