1 பைசாவுக்காக எழுந்த போராட்டம்... விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது எப்படி? யார் இந்த நாராயணசாமி நாயுடு?

சங்கரன்கோவில் பக்கம் கிணத்து மோட்டாருக்கு சுவிட்ச் போடும் விவசாயிக்கு இன்னைக்கு கரண்ட் பில் கிடையாது. ஆனால் 1980 டிசம்பர் 31 அன்று, இதே சங்கரன்கோவில் அருகே உள்ள குருஞ்சாக்குளத்தில், போராடிய விவசாயிகள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பல உயிர்கள் பறிபோயின. அந்தப் போராட்டங்களின் முகமாக இருந்தவர் நாராயணசாமி நாயுடு.

யார் இவர்?

கோவை மாவட்டம் வையம்பாளையத்தில் 1925-ல் பிறந்தவர். விவசாயி. கொங்கு மண்ணில் கிணறுகள் ஆழமானவை. மோட்டார் ஓடினால்தான் வெள்ளாமை. அதனால் யூனிட்டுக்கு ஒரு பைசா ஏறினாலும் அடி பலமாக விழும்.

பைசா கணக்கு

1970-ல் விவசாய மின் கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவில் இருந்து 10 பைசா ஆனது. விவசாயிகள் தெருவில் இறங்கினர். ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 3 பேர் இறந்தனர். அதன் பிறகு 1 பைசா குறைக்கப்பட்டது.

1972-ல் மறுபடியும் உயர்வு. இந்த முறை ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி கோவை நகரையே ஸ்தம்பிக்க வைத்தார்கள். அடுத்து தமிழக விவசாயிகள் சங்கம் மாநிலம் முழுக்க வளர்ந்தது. தென்கோடி கரிசல் காடு வரை பச்சைத் துண்டு வந்து சேர்ந்தது.

இலவசம்தான் கேட்டாரா?

ஆரம்பத்தில் இல்லை. கட்டுப்படியாகும் கட்டணம்தான் முதல் கோரிக்கை. காரணம் சிம்பிள். பஞ்சாலைக்காரர் கரண்ட் செலவை நூல் விலையில் ஏற்றிக்கொள்ளலாம். பருத்தி விளைவித்தவர் அப்படிச் செய்ய முடியாது. அவருக்கு விலை வைப்பது சந்தை.

கடைசி நாள்

1982-ல் தனிக் கட்சி தொடங்கினார். 1984 டிசம்பர் 21 அன்று, தேர்தல் நேரத்தில் கோவில்பட்டி வந்திருந்தபோது, பயணியர் விடுதியில் மாரடைப்பால் காலமானார். சங்கரன்கோவிலில் இருந்து கழுகுமலை வழியாகப் போனால் வரும் அதே கோவில்பட்டிதான்.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கிடைத்தது. 1989-ல் மீண்டும் முதல்வரான கருணாநிதியின் ஆட்சியில் அது எல்லா விவசாயிகளுக்கும் விரிவானது. அதைப் பார்க்க நாயுடு உயிரோடு இல்லை.

இன்றைக்கு பில் கட்டுவது யார்?

அரசு. விவசாய மின்சாரத்துக்கும் ஒழுங்குமுறை ஆணையம் விலை நிர்ணயிக்கிறது. அந்தத் தொகையை அரசு மானியமாக மின்வாரியத்துக்குத் தர வேண்டும். பெரும்பாலான பம்புசெட்டுகளில் மீட்டர் இல்லை. குதிரைத்திறனை வைத்துத்தான் கணக்கு. எனவே உண்மையில் எவ்வளவு மின்சாரம் போகிறது என்பது மதிப்பீடுதான். மின்வாரியத்தின் நஷ்டமும், கீழே இறங்கிக்கொண்டே போகும் நிலத்தடி நீரும் இன்னொரு பக்கம் கவலை.

ஆனால் மீட்டர் என்ற பேச்சு வந்தாலே விவசாயிகள் பதறுவது ஏன் என்றால், பதில் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது. விளைச்சலுக்குக் கட்டுப்படியாகும் விலை என்ற நாயுடுவின் இன்னொரு கோரிக்கை இன்னும் முழுசாக நிறைவேறவில்லை. அது நடக்காமல் மின்சாரத்துக்கு மட்டும் விலை வைத்தால், பழைய பைசா கணக்குதான் திரும்ப வரும்.