கூரத்தாழ்வான்: பொன்வட்டிலும் திருக்கண்களும்

ஸ்ரீ:

இன்பம் வந்தால் நிலைக்க வேண்டும் என்றும், துன்பம் வந்தால் உடனே நீங்க வேண்டும் என்றும் எம்பெருமானிடம் விண்ணப்பிப்பது நம் வழக்கம். இவ்விரண்டையும் வேண்டாதிருந்த கூரத்தாழ்வானின் வைபவத்தைச் சிறிது அநுபவிப்போம்.

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில், தை ஹஸ்தத்தில் அவதரித்தவர் ஆழ்வான். பெருஞ்செல்வர். அவர் திருமாளிகையில் நாள்தோறும் அன்னதானம் நடந்து, இரவில் கதவு சாத்தப்படும் ஓசை பேரருளாளன் ஸந்நிதி வரை கேட்கும் என்பது குருபரம்பரைச் செய்தி. அதையறிந்த ஆழ்வான் தம் செல்வத்துக்கு நாணி, அனைத்தையும் விட்டு, தேவிகளான ஆண்டாளுடன் உடையவர் திருவடிகளை நாடித் திருவரங்கத்துக்குப் புறப்பட்டார். காட்டுவழியில் ஆண்டாள் அஞ்சினாள். கைப்பொருள் ஏதேனும் உண்டோ என்று ஆழ்வான் வினவ, அவர் அமுது செய்வதற்காகக் கொண்டுவந்த பொன்வட்டில் ஒன்று இருப்பதைச் சொன்னாள். அதையும் வாங்கி எறிந்துவிட்டு மேலே நடந்தார். திருவரங்கத்தில் உஞ்சவ்ருத்தியே அவருக்கு ஜீவனமாயிற்று.

பின்பு சோழனால் ஆபத்து நேர்ந்தது. உடையவரைக் காக்க, அவருடைய காஷாயத்தைத் தாம் தரித்துப் பெரிய நம்பிகளுடன் அரசவைக்குச் சென்ற ஆழ்வான் திருக்கண்களை இழந்தார். அவருடைய சிஷ்யனான நாலூரானே இதற்குக் காரணமானான். திரும்பும் வழியிலேயே பெரிய நம்பிகள் பரமபதித்தார். ஆழ்வானோ திருமாலிருஞ்சோலையில் வாழ்ந்து, கண்ணால் காணவொண்ணாத அழகரின் அழகை ஸுந்தரபாஹுஸ்தவமாக அருளிச்செய்தார்.

உடையவர் மீண்டு வந்தபின், பேரருளாளனிடம் கண்களை வேண்டுமாறு நியமித்தார். வரதராஜஸ்தவம் பாடி முடித்த ஆழ்வான் கேட்டது வேறு. தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்பதே அவர் வேண்டிய வரம்.

பொன்வட்டிலை எறிந்த திருக்கையும், கண்ணை வேண்டாத திருவுள்ளமும் ஒருவருடையவையே என்பதை நாம் கருதவேண்டும். செல்வம் வந்து போவது. தேஹமும், தேஹத்திலுள்ள கண்ணும் அப்படியே. போகக்கூடியது போனபோது அவர் கலங்கவில்லை. ஒருவனிடம் கொள்ளும் பகை மட்டும் நிலைத்துவிடலாகாது என்றே அவர் அஞ்சினார் போலும். நமக்குத் தீங்கிழைத்தவர் ஒருவரையேனும் இன்று எம்பெருமான் முன்னே நன்மை வேண்டி நினைப்போமாகில், ஆழ்வானுடைய அடியார் என்று சொல்லிக்கொள்ள நமக்கும் சிறிது தகுதி உண்டாகும்.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.