பல மரம் கண்ட தச்சன்



நான் கொஞ்ச நாள் படம் வரைவேன், அப்புறம் அதை விட்டுட்டு விதை சேர்ப்பேன், அப்புறம் பாட்டு. எங்க ஆச்சி அதைப் பாத்து, பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. எனக்குக் கோபம் வரும், ஆனா பதில் சொல்லத் தெரியாது.

சமூக அறிவியல் பாடத்தில் மறுமலர்ச்சிக் காலம் வந்தபோது லியோனார்டோ டா வின்சி பற்றிப் படித்தோம். மோனாலிசாவை வரைந்தவரே பறக்கும் இயந்திரத்துக்கும் படம் போட்டிருக்கிறார். அப்படி ஒருத்தர் நம்ம பக்கம் உண்டா என்று தேடினேன். நம்ம தென்காசி மாவட்டத்திலேயே இருந்திருக்கிறார்!

அவர் ஆபிரகாம் பண்டிதர். 1859-ல் சுரண்டைக்குப் பக்கத்தில் சாம்பவர் வடகரையில் பிறந்தார். ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் போனார். போன இடத்தில் பாடம் மட்டும் படித்துவிட்டு வந்தாரா? இல்லை. சடையாண்டி பத்தரிடம் வயலின் கற்றார், போட்டோ எடுக்கப் பழகினார், அச்சுத் தொழிலும் தெரிந்துகொண்டார். மூலிகை தேடிச் சுருளிமலைக்குப் போனபோது கருணானந்தர் என்ற முனிவரைச் சந்தித்து, சித்த மருத்துவம் கற்றார்.

1882-ல் ஞானவடிவு பொன்னம்மாளுடன் திருமணம். அந்த அம்மாவும் ஆசிரியர்தான். இரண்டு பேரும் தஞ்சாவூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தார்கள். 1890-ல் பண்டிதர் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேர வைத்தியர் ஆகிவிட்டார். நல்ல சம்பளத்தை விட்டால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஆனால் மருந்து நன்றாக விற்றது. தஞ்சாவூருக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகையும் கரும்பும் வைத்தார். அது பண்டிதர் தோட்டம் என்றே பேர் வாங்கியது. கவர்னர் லாலியே வந்து பார்த்தாராம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கீழ் ச-விலிருந்து மேல் ச வரைக்கும் நுட்பமான சுருதிகள் எத்தனை? பழைய சமஸ்கிருத நூல்களை வைத்து 22 என்று பலர் சொல்லிவந்தார்கள். பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஆராய்ந்து, கணக்கும் போட்டு, 24 என்றார். 1912-ல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் தொடங்கி, சொந்தச் செலவில் வித்துவான்களைக் கூட்டி மாநாடுகள் நடத்தினார். 1916-ல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அங்கே அவர் கணக்கைப் பாடிக் காட்டியவர்கள் யார் தெரியுமா? அவருடைய மகள்கள்! பொம்பளப் பிள்ளைகள் சபையில் பாடினாலே ஊர் பேசும் காலம் அது. இந்த இடத்தை நான் மூன்று தடவை படித்தேன். எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் உண்மைதான். 22-ஆ 24-ஆ என்ற வாதம் அதோடு முடியவும் இல்லை.

1917-ல் கருணாமிர்த சாகரம் என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஆயிரம் பக்கத்துக்கு மேல்! குருவின் பெயரைத்தான் புத்தகத்துக்கு வைத்திருக்கிறார். இவ்வளவு பெரிய புத்தகத்தை யார் அச்சடித்துத் தருவார்கள்? மின்சாரத்தில் ஓடும் அச்சகம் அவரிடமே இருந்தது. லாலி பெயரில் வைத்த அச்சகம் அது. மருந்தில் வந்த பணம் மாநாட்டுக்கு ஆச்சு, திண்டுக்கல்லில் கற்ற அச்சு புத்தகத்துக்கு ஆச்சு. லியோனார்டோ எழுதிய நோட்டுகள் அவர் இருக்கும்போது அச்சாகவே இல்லை.

லியோனார்டோ இறந்தது 1519-ல். பண்டிதர் இறந்தது 1919-ல். சரியாக 400 வருஷம். புத்தகத்தின் இரண்டாம் பாகம் 1946-ல்தான் வெளிவந்தது.

இதை எழுதி முடித்து ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாங்க. பழமொழியை மட்டும் வாபஸ் வாங்கலை. சாம்பவர் வடகரையா, அங்க நமக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களே, அந்தப் பிள்ளைகள் பரோடாவுக்கு எதுல போச்சுதுன்னு கேட்டாங்க. ரயில்லதான் போயிருப்பாங்கன்னு சொன்னேன்.