கடிகாரம் இருந்தால் போதும்!

ஹாலி என்றதும் நமக்கெல்லாம் வால் நட்சத்திரம்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஏறக்குறைய 76 வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்று ஒரு வரி, பரீட்சையில் ஒரு மார்க், அத்தோடு சரி. அந்த மனிதர் சாதாரண ஜனங்களை நம்பி ஒரு பெரிய ஆராய்ச்சியே நடத்தினார் என்பது, இந்த மலருக்கு ஏதாவது எழுதலாமே என்று நூலகத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

எட்மண்ட் ஹாலி 1656-ஆம் ஆண்டு லண்டன் அருகே பிறந்தார். அப்பா சோப்பு தயாரித்து விற்றவர், வசதியான குடும்பம். நம்மில் பலரைப் போல ஸ்காலர்ஷிப் பாரத்தோடு அலைய வேண்டிய நிலைமை அவருக்கு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தவர், இருபது வயதில் டிகிரியை முடிக்காமலே 1676-இல் கப்பலேறி செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய்விட்டார். ஐரோப்பாவில் இருந்து பார்த்தால் தெரியாத தென் வானத்து நட்சத்திரங்களைக் கணக்கெடுப்பதுதான் நோக்கம். மேகம் படாத பாடு படுத்தியும் 341 நட்சத்திரங்களுக்கு இடம் குறித்துக்கொண்டு திரும்பினார். பிறகு அரசரே சொல்லி அவருக்கு டிகிரி கொடுக்க வைத்தார். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதை வீட்டில் உதாரணமாகச் சொல்ல வேண்டாம்!)

நியூட்டனின் பிரின்சிபியா 1687-இல் அச்சாகி வந்ததற்கும் இவரே காரணம். ராயல் சொசைட்டியிடம் இருந்த பணமெல்லாம் மீன்களைப் பற்றிய ஒரு பெரிய புத்தகத்துக்குச் செலவாகிப் போனதால், ஹாலி தன் கைக்காசைப் போட்டு அச்சடித்தார். அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்துக்குப் பதிலாக விற்காத மீன் புத்தகங்களைத்தான் கொடுத்தார்களாம், பாவம்.

1686-இல் நம் இந்து மகாசமுத்திரத்துப் பருவக்காற்றையும் சேர்த்து, எந்தக் கடலில் எந்தக் காற்று வீசும் என்று ஒரு படம் வெளியிட்டார். அதற்கான விவரங்கள் பெரும்பாலும் மாலுமிகளிடம் கேட்டு வாங்கியவை. தெரிந்தவனிடம் கேட்பதில் அவருக்கு வெட்கமே இருந்ததில்லை. இந்தக் குணம்தான் 1715-இல் பெரிதாக வெளிப்பட்டது.

அந்த வருஷம் மே 3-ஆம் தேதி காலை (அப்போது இங்கிலாந்தில் இருந்த பழைய காலண்டர்படி ஏப்ரல் 22) முழு சூரிய கிரகணம் வரப்போகிறது என்று ஹாலி கணக்குப் போட்டார். 1140-க்குப் பிறகு லண்டனில் முழு கிரகணம் எதுவும் தெரிந்ததில்லை என்பது அவர் தேடிப் பார்த்துச் சொன்னது. முந்தைய வருஷம்தான் புது அரசர் ஜார்ஜ் பதவிக்கு வந்திருந்தார். பட்டப்பகலில் திடீரென்று இருட்டினால், ராஜாவுக்குக் கேடு என்று ஜனங்கள் கதை கட்டிவிடுவார்களே! அதனால் நிலவின் நிழல் இங்கிலாந்தின் மேல் எந்த வழியாகப் போகும் என்று வரைபடம் போட்டு, முன்கூட்டியே அச்சடித்து விற்பனைக்கு விட்டார்.

அந்தப் படத்துக்குக் கீழே ஒரு வேண்டுகோளும் இருந்தது. ஆர்வம் உள்ளவர்கள், முழு இருட்டு எவ்வளவு நேரம் நீடித்தது என்று அவரவர் ஊரில் கவனமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். தொலைநோக்கி வேண்டாம், பெண்டுலம் கடிகாரம் ஒன்று இருந்தால் போதும்.

இதில் என்ன ஆராய்ச்சி என்று தோன்றலாம். எனக்கும் முதலில் புரியவில்லை. நிலவின் நிழல் தரையில் ஒரு பெரிய திட்டாக விழுந்து வேகமாக ஓடுகிறது. திட்டின் நடுப்பகுதி கடந்துபோகும் ஊரில் இருட்டு அதிக நேரம் இருக்கும். ஓரத்துக்குப் போகப் போகக் குறைந்துகொண்டே வந்து, விளிம்பில் ஒரு கண்ணிமைப்பு நேரம்தான். எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு அந்த நிழலின் அகலத்தைச் சொல்ல முடியாது. பல ஊர்களில் பல பேர் பார்த்தால்தான் உண்டு.

அன்று ஹாலி லண்டன் கிரேன் கோர்ட்டில் ராயல் சொசைட்டி கட்டடத்தில் இருந்து பார்த்தார். முழு இருட்டு 3 நிமிடம் 22 வினாடி இருந்தது. அவர் கணித்த நேரத்துக்கும் நடந்ததற்கும் சுமார் நாலு நிமிஷம்தான் வித்தியாசம். ஆக்ஸ்போர்டு பேராசிரியரை மேகம் ஏமாற்றிவிட்டது. கேம்பிரிட்ஜில் வானம் சுத்தமாக இருந்தும், பேராசிரியர் ரோஜர் கோட்ஸைச் சுற்றி விருந்தாளிக் கூட்டம் மொய்த்துக்கொண்டதில் முக்கியமான நேரங்களைத் தவறவிட்டார். ஆனால் கென்ட் பக்கம் கிரான்புரூக்கில் ஒருவர், சூரியன் ஒரே கணம் அணைந்து உடனே வெளியே வந்ததாக எழுதி அனுப்பினார். வடக்கே யார்க்‌ஷயரில் டாரிங்டன் ஊரில் இருந்து இன்னொருவர், சூரியன் முழுசாக மறையாமல் செவ்வாய் கிரகம் மாதிரி ஒரு புள்ளியாக நின்றதாக எழுதினார். நிழலின் தெற்கு விளிம்பும் வடக்கு விளிம்பும் இப்படித்தான் பிடிபட்டன! ஹாலி தன் படத்தில் இருந்த பிழையைத் திருத்தி, மறுபடியும் வெளியிட்டார். 1988-இல் சூரியனின் அளவு மாறியிருக்கிறதா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, இந்தக் குறிப்புகளைத்தான் எடுத்துப் பார்த்தார்கள்.

மறு வருஷமே அடுத்த வேண்டுகோள். வெள்ளி கிரகம் சூரியனைக் கடக்கும்போது உலகத்தின் பல மூலைகளில் இருந்து பார்த்து நேரம் குறித்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்றார். அது நடக்கப்போவது 1761-இலும் 1769-இலும். தான் உயிரோடு இருக்க மாட்டோம் என்று நன்றாகத் தெரிந்தேதான் எழுதினார். அவரை நம்பிப் புறப்பட்டவர்களில் லெ ஜெண்டில் என்ற பிரெஞ்சுக்காரர் நம் பாண்டிச்சேரிக்கு வந்தார். முதல் தடவை ஊரே ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்ததால் இறங்க முடியாமல் கப்பலில் இருந்தே பார்க்கும்படி ஆனது. எட்டு வருஷம் காத்திருந்தார். 1769-இல் சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் வந்து மூடிக்கொண்டது!

ஹாலி 1742-இல், 85 வயதில் காலமானார். 1758-இல் திரும்பி வரும் என்று அவர் சொல்லிவைத்த வால் நட்சத்திரத்தை, அந்த வருஷம் டிசம்பர் 25 இரவு முதலில் கண்டவர் ஜெர்மனியில் டிரெஸ்டன் பக்கத்தில் இருந்த பாலிட்ஷ் என்ற விவசாயி. பாரிஸ் வானியல் அறிஞர்கள் தேடிக்கொண்டிருந்தபோதே அவர் பார்த்துவிட்டார். ஹாலிக்குத் தெரிந்திருந்தால் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

2019 டிசம்பர் 26 காலை எங்கள் திண்டுக்கல் பக்கம் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. அப்போது நான் ஏழாவது, அரையாண்டு லீவு. பாட்டி தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினாள். வாசல் புங்க மரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சம் எல்லாம் குட்டிக் குட்டி வளையமாகத் தரையில் கிடந்தது. அதை வாய் பிளந்து பார்த்தேனே தவிர, எத்தனை வினாடி இருந்தது என்று குறிக்கத் தோன்றவில்லை. வீட்டில் கடிகாரம் இருந்தது.

அப்பா அன்று கிணற்றுக்குள் இருந்தார். கிணறு வெட்டுவதுதான் அவர் தொழில். பள்ளிக்கூடம் போனதில்லை. எந்த ஊரில் செம்மண் எவ்வளவு, சுக்கான் எங்கே, எந்த ஆழத்தில் பாறை, எந்தப் பக்கம் ஊற்றுக்கண் என்று முப்பது வருஷத்துக் கணக்கு முழுவதும் அவர் தலைக்குள்தான் இருக்கிறது. சிவில் படிக்க வந்த பிறகும் அவரிடம் அதைக் கேட்கணும்னு எனக்குத் தோன்றியதே இல்லை. கூச்சம் என்றுதான் சொல்ல வேண்டும். ஹாலியைப் படித்த வாரம் ஊருக்குப் போனபோது, சர்வே வகுப்புக்கு வாங்கிய ஃபீல்டு புக்கில் மிச்சம் இருந்த பக்கங்களைப் பிரித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதையெல்லாமா எழுதுவாங்க என்று முதலில் சிரித்தார். அப்புறம் நிறுத்தவே இல்லை. அவர் முழக்கணக்கில் சொல்ல, நான் அடிக்கு மாற்றி எழுதிக்கொண்டேன். அன்று ராத்திரி 23 கிணறு ஆயிற்று. மிச்சத்தைப் பொங்கல் லீவில் எழுதணும்.